மந்திர வீட்டின் சாவி

"வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள் அம்மா!" என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சொல்கிறவர்களுக்கு அது நாலு வார்த்தை. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்கிற இளசுகளுக்கு அல்லவா அதன் கனம் தெரியும்!

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் கம்பும் சோளமும். அதுவும் இல்லாத வருஷத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதுதான் பிழைப்பு. பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கடல் கடந்தும் போய்விடுகிறார்கள். பேரன் பிறந்தான், பேத்தி பிறந்தாள் என்று பெரியவர்களும் ஒருநாள் பின்னாலேயே போகிறார்கள். சாவி மட்டும் அண்ணன் மகளிடமோ தங்கை மகனிடமோ ஊரிலேயே தங்கிவிடுகிறது.

சும்மா வீடாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு ஒரு பேச்சு உண்டு. "அந்த உள்ளில் குலதெய்வத்தின் பெட்டி இருக்கிறது; குளிக்காமல் போகாதே." "வெள்ளிக்கிழமை மாடக்குழி விளக்கு இருட்டிக் கிடக்கக் கூடாது." "அந்த வீட்டில் ஏதோ நடமாட்டம் இருக்கிறதாம்!" இப்படி ஏதேனும் ஒன்று. கூட்டுகிற பெண்ணும், விளக்கேற்றுகிற பையனும் பாதி பயமும் பாதி பக்தியுமாக உள்ளே போய் வருகிறார்கள். மாயமும் மந்திரமும் இருக்கட்டும், ஒரு வீட்டை 'பார்த்துக்கொள்வது' என்றால் உண்மையில் என்ன?

இதற்கு விடை சொல்லக்கூடிய ஒரு வீடு திருச்சுழியிலேயே இருக்கிறது. பெயரே 'சுந்தர மந்திரம்.' 'மந்திரம்' என்றதும் மாயாஜாலம் என்று நினைத்துவிடாதீர்கள். வடமொழியில் மந்திரம் என்றால் வீடு, கோயில் என்று பொருள். ஆனால் தமிழ் எழுத்தில் இரண்டு சொல்லுக்கும் உருவம் ஒன்றுதான். அந்த வீட்டுக்கு இரண்டு பொருளும் பொருந்தித்தான் இருக்கின்றன.

இரண்டு பாதி வீடு

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால், கருவேலங்காடுகளையும் கண்மாய்க் கரைகளையும் தாண்டித் திருச்சுழி வந்து சேருகிறது. பக்கத்தில் குண்டாறு. முக்கால்வாசி நாள் மணல்தான் ஓடும். ஊர் நடுவில் திருமேனிநாதர் கோயில். அம்மனுக்குத் துணைமாலையம்மை என்று பெயர், சகாயவல்லி என்றும் சொல்கிறார்கள். சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய ஸ்தலம். பிரளய வெள்ளம் வந்தபோது சிவபெருமான் சூலத்தால் குத்தி, வெள்ளத்தைச் சுழித்து பூமிக்குள் போகச் செய்தாராம். அதனால் 'சுழி' என்று பேர் வந்ததாம். தண்ணீருக்கு ஏங்குகிற ஊருக்கு வெள்ளத்தைக் கொண்டு ஒரு புராணம்!

இந்த ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுந்தரமய்யர் என்று ஒருவர் இருந்தார். மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கெழுதத் தொடங்கி, பிறகு ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, கடைசியில் உள்ளூர் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் வாதாடும் அளவுக்கு உயர்ந்தவர். சட்டப் படிப்புப் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. ஆனால் கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். அந்தக் காலத்தில் வழிப்பறிக்குப் பேர்போன அந்தச் சுற்றுவட்டாரத்தில், கள்ளர்கள்கூட அவருடைய வண்டி என்றால் தொடமாட்டார்களாம். அப்படி ஒரு மரியாதை.

கையில் காசு சேர்ந்ததும் சுந்தரமய்யர் வீடு கட்டினார். நம் வீட்டு ஆண்கள் என்ன செய்வார்கள்? மாடி எடுப்பார்கள், வாசலில் பேர் பொறிப்பார்கள். அவர் வீட்டை இரண்டு சரிபாதியாகக் கட்டினார். ஒரு பாதி தம் குடும்பத்துக்கு. மற்றொரு பாதி ஊருக்கு வருகிறவர்களுக்கு. புதிதாக மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தர், ஸ்வாமி தரிசனத்துக்கு வந்த பரதேசி, தெரிந்தவர், தெரியாதவர் யாராயிருந்தாலும் தங்கலாம், சாப்பாடும் உண்டு.

வீட்டைப் பாதியாகப் பிரித்தவர் சுந்தரமய்யர். அடுப்படியைப் பிரிக்க முடியுமா? அது ஒன்றுதானே! அவருடைய மனைவி அழகம்மாளை நினைத்துப் பாருங்கள். இன்று எத்தனை இலை என்று காலையில் தெரியாது. ஊருணித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வர வேண்டிய ஊர். 'விருந்தோம்பல்' என்று ஒரே வார்த்தையில் புத்தகங்கள் முடித்துவிடுகின்றன. அந்த வார்த்தைக்குள்ளே எத்தனை படி அரிசி, எத்தனை அம்மி மசாலா என்று கணக்கெடுத்தவர்கள் யார்?

ஒரு பிடி சோறும் ஒரு சாபமும்

இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. ரமண மகரிஷியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் அதை விடாமல் சொல்லியிருக்கிறார்கள். முன்னொரு காலத்தில் ஒரு சந்நியாசி இந்தக் குடும்பத்தாரின் வீட்டு வாசலில் பிட்சைக்கு வந்தார். உரிய மரியாதை கிடைக்கவில்லை, சோறும் கிடைக்கவில்லை. "இந்த வம்சத்தில் தலைமுறைக்கு ஒருவன் என்னைப் போலவே பிச்சை எடுத்துத் திரிவான்" என்று சபித்துவிட்டுப் போனாராம்.

சாபம் பலிக்குமா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? நடந்ததைச் சொல்கிறேன். சுந்தரமய்யரின் சிற்றப்பா ஒருவர் காவி கட்டிக்கொண்டு போனார். அடுத்த தலைமுறையில் சுந்தரமய்யரின் தமையனார் வேங்கடேசய்யர் ஒருநாள் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. மூன்றாவது தலைமுறையில் சுந்தரமய்யருக்கு நாகசாமி, வேங்கடராமன், நாகசுந்தரம் என்று மூன்று பிள்ளைகள். கடைக்குட்டியாக அலமேலு என்று ஒரு பெண். அழகம்மாளுக்கு உள்ளூர எப்படி இருந்திருக்கும்?

வாசலில் வந்தவனுக்குச் சோறு போடாததால் வந்தது என்று சொல்லப்படும் சாபம். அதே வம்சத்தில் வந்தவர், வருகிறவர்களுக்கென்றே பாதி வீட்டைக் கட்டுகிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மனசு எதையோ முடிச்சுப் போடுகிறது. சுந்தரமய்யர் பரிகாரமாகத்தான் கட்டினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

இரண்டாவது பிள்ளை வேங்கடராமன் பிறந்தது 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30. ஆருத்ரா தரிசனம். நடராஜப் பெருமான் வீதிவலம் முடிந்து கோயிலுக்குள் எழுந்தருளும் நடுநிசி வேளை. பிரசவ அறையில் இருந்த பார்வையற்ற மாது ஒருத்தி, குழந்தை பிறந்தபோது ஒரு ஒளியைக் கண்டதாகச் சொன்னாள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

ஒளியோடு பிறந்த பிள்ளை ஒழுங்காக இருந்தானா என்றால் அதுதான் இல்லை! ஆறு வயசில் அப்பாவின் கோர்ட்டுக் காகிதக் கட்டை அவிழ்த்து, கப்பல் செய்து தண்ணீரில் விட்டுவிட்டான். கட்சிக்காரனின் பத்திரம் கப்பலாகப் போனால் எந்த வக்கீலுக்குத்தான் கோபம் வராது? இவனை மொட்டையடித்து, கோவணத்தைக் கட்டித் துரத்துங்கள் என்று அப்பா சத்தம் போட்டார். பையனைச் சாப்பாட்டு வேளைக்குக் காணோம். ஊரெல்லாம் தேடினார்கள். கடைசியில் அம்மன் சந்நிதியில், விக்கிரகத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனைக் குருக்கள் கண்டுபிடித்து அழைத்து வந்தார். மொட்டைத் தலையும் கோவணமும் பிற்காலத்தில் உலகமே அறிந்த கோலமாயிற்று. அப்பா கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனாலும் கேட்கிறபோது திடுக்கென்கிறது.

விளக்கேற்ற ஆளில்லாத நாள்

1892-ஆம் வருஷம் சுந்தரமய்யர் காலமானார். மூத்தவன் பதின்வயசுப் பிள்ளை, வேங்கடராமனுக்குப் பன்னிரண்டு, நாகசுந்தரத்துக்கு ஐந்தாறு, அலமேலு அதைவிடச் சின்னவள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வயசில் ஒருவரும் இல்லை. உறவினர்கள் கூடிப் பேசிக் குடும்பத்தைப் பிரித்தார்கள். பெரிய பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிற்றப்பா சுப்பய்யர் வீட்டுக்கு. அழகம்மாளும் சின்னக் குழந்தைகள் இரண்டும் மானாமதுரையில் இன்னொரு கொழுந்தனார் நெல்லியப்பய்யர் வீட்டுக்கு.

பாதி வீட்டை ஊருக்குக் கொடுத்தவருடைய குடும்பம், இரண்டு வீடுகளில் அண்டி நிற்க வேண்டி வந்தது. நேற்று வரை விருந்தினருக்கு இலை போட்டவள், இன்று மற்றொருத்தியின் சமையலறையில் கூடமாட நின்றாள். இதை அனுபவித்த பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெருவில், மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே, சுப்பய்யரின் வீடு. வேங்கடராமன் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தான். பந்தாட்டத்தில் கெட்டி, பாடத்தில் சுமார். 1896 ஜூலை மாத நடுவில் ஒருநாள் மாடி அறையில் தனியாக இருந்தபோது, உடம்பில் ஒரு நோயும் இல்லாமலே, சாகப்போகிறோம் என்ற பயம் அவனைப் பிடித்தது. கத்திக் கூப்பிடவில்லை. பிணம்போல் கையையும் காலையும் நீட்டிப் படுத்துக்கொண்டு, சாவது உடம்பு. 'நான்' என்பது எது என்று உள்ளே பார்த்தான். பதினாறு வயசு! எழுந்தபோது பயம் போய்விட்டது. பிறகு ஒருநாளும் அது திரும்பவில்லை. 'நான் யார்' என்று பிற்காலத்தில் அவர் எல்லோரையும் கேட்கச் சொன்ன கேள்விக்கு ஊற்றுக்கண், இரவல் வீட்டின் அந்த மாடி அறைதான்.

ஆறு வாரம் கழிந்தது. ஆகஸ்ட் 29. இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதிவரும்படி பள்ளியில் தண்டனை. எழுதிக்கொண்டிருந்தவன் பாதியில் தள்ளிவைத்துவிட்டுக் கண்மூடி உட்கார்ந்துவிட்டான். இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் கடிந்துகொண்டான். தம்பிக்கு அது சுருக்கென்று தைத்தது. பள்ளியில் மின்சாரம் பற்றிய வகுப்பு இருக்கிறது என்று சாக்குச் சொல்லிக் கிளம்பினான். "அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப்போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு" என்றான் அண்ணன். சித்தி சாதம் போட்டாள். ஐந்து ரூபாயை எடுத்துக் கொடுத்தாள்.

பழைய தேசப்படத்தைப் பார்த்துப் பையன் கணக்குப் போட்டு, மூன்று ரூபாய் போதும் என்று எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டுப் போனான். தேட வேண்டாம் என்றும், சம்பளம் கட்டவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. திண்டிவனத்துக்கு ரயில் கட்டணம் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை.

தெரியாமலே வழியனுப்பிய அந்தச் சித்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கரைகிறது. பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனான் என்ற ஆறுதலாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும்.

சாவியை வாங்கிய தம்பி

பெற்ற மனசு சும்மா இருக்குமா? 1898-ஆம் வருஷம் தகவல் கிடைத்ததும், முதலில் நெல்லியப்பய்யர் போய் அழைத்துப் பார்த்தார். பிறகு அழகம்மாளே மூத்த மகனுடன் போனாள். நாள்தோறும் பட்சணம் செய்துகொண்டு போய்க் கொடுத்தாள், அழுதாள், கோபித்தாள். மகன் வாய் திறக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினாள். இரண்டு வருஷத்தில் மூத்தவன் நாகசாமியும் இறந்துபோனான்.

1916-ல் அழகம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். பிள்ளை வீட்டுக்கு வரமாட்டான் என்றால், பிள்ளை இருக்கும் இடமே வீடு. மலைமேல் மகனுடன் தங்கி, ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினாள். பிட்சைச் சோற்றில் காலம் தள்ளிய இடத்தில் தாளிக்கிற வாசனை எழுந்தது. திருச்சுழியில் அணைந்த அடுப்பு திருவண்ணாமலையில் எரிந்தது என்று சொன்னால் தப்பில்லை.

கடைசிப் பிள்ளை நாகசுந்தரம் அப்போது திருவெண்காடு கோயிலில் குமாஸ்தா. மனைவியை இழந்தவர், கைக்குழந்தை ஒன்று. குழந்தையைத் தங்கை அலமேலுவிடம் ஒப்படைத்துவிட்டு அவரும் அண்ணனிடம் வந்து சேர்ந்தார். நிரஞ்சனானந்த ஸ்வாமி ஆனார். 1922 மே 19-ல் அழகம்மாள் காலமானாள். அவளுடைய சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் ரமணாசிரமம். அதை நிர்வகித்தவர் இந்தத் தம்பிதான். அண்ணனோ கோவணத்துடன் சோபாவில் மௌனமாக அமர்ந்திருக்கிறார். உலகம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். அரிசி வாங்குவதும், கணக்கு எழுதுவதும், கோயில் கட்டுவதும் யார்? தம்பி! பல பேரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு, 1953-ல் இறக்கும்வரை அவர் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டார். தாயாரின் சமாதிமேல் கட்டிய மாத்ருபூதேஸ்வரர் ஆலயத்துக்கு 1949 மார்ச் 17-ல் கும்பாபிஷேகம் நடந்தது. மகரிஷி மறைந்தது 1950 ஏப்ரல் 14.

நிரஞ்சனானந்தருக்குப் பிறகு ஆசிரமத்தின் சாவி யார் கைக்குப் போயிற்று தெரியுமா? அலமேலு அத்தை வளர்த்த அந்தக் கைக்குழந்தைக்குத்தான்! பெரியப்பாவின் பெயரையே கொண்ட டி. என். வேங்கடராமன். தாயில்லாப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய அத்தையின் பெயர் எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை. ஆனால் இந்தச் சங்கிலியில் அவள் ஒரு வலுவான கண்ணி.

சமையலறையையும் சொல்ல வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து வந்த சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமியம்மாள் முதலிய பெண்கள், கணவனை இழந்து நிராதரவாக நின்றவர்கள், அங்கே சமையல் பொறுப்பேற்றார்கள். மகரிஷியே விடியற்காலையில் எழுந்து வந்து காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். வாசலில் வரும் ஏழைகளுக்குச் சோறிட்ட பிறகுதான் பந்தி. அந்த அன்னதானம் இன்றும் நடக்கிறது. 1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தபோது, உள்ளதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று வழிவிடச் சொன்னார் மகரிஷி. அப்படியும் அவருக்குத் தொடையில் அடி விழுந்தது. சீடர்கள் திருப்பி அடிக்கக் கிளம்பினார்கள். அவர் விடவில்லை.

வீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது?

இன்று திருச்சுழி வீடு சுந்தர மந்திரமாகவும், மதுரை வீடு ரமண மந்திரமாகவும் ரமணாசிரமத்தின் பராமரிப்பில் இருக்கின்றன. விளக்கு எரிகிறது; பூஜை நடக்கிறது; வருகிறவர்கள் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

எல்லா வீட்டுக்கும் ஆசிரமம் வந்து கைகொடுக்குமா? ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1616-ல் எழுதிய உயிலில், தங்கை ஜோன் வருஷத்துக்குப் பன்னிரண்டு பென்ஸ் வாடகையில் அங்கே குடியிருக்கலாம் என்று அவர் எழுதிவைத்தார். தங்கையின் வழித்தோன்றல்கள் 1806 வரை அதைக் கைவிடவில்லை. 1847-ல் பொதுஜனங்கள் பணம் திரட்டி வாங்கினார்கள். மகாகவியின் வீடு நின்றது, தங்கை வீட்டார் குடியிருந்ததால். நம் ஊரிலோ, அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் தெற்கே போனால் எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜத்தின் ஓட்டு வீட்டை 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிக் காப்பாற்றியது.

உங்கள் பெரியம்மாவின் வீட்டுக்கு இப்படி யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும். கரிசல் மண் மழையில் ஊதி, வெயிலில் சுருங்கிப் பிளக்கும். சுவரில் வெடிப்பு விழுந்தால், "சாமி குத்தம்" என்று பயப்படாமல், சுவரோரம் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் நாட்டு ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றி அடுக்கச் செய்யுங்கள். ஓர் ஓடு நகர்ந்தால் ஒரு விட்டம் போச்சு! வாரம் ஒருநாள் கதவு ஜன்னலைத் திறந்து போடுங்கள். காற்று பட்டால் வௌவாலும் குடியேறாது, கறையானும் தெரிந்துவிடும். பழைய பத்திரங்களைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பொங்கலுக்கு ஒரு தடவை சுண்ணாம்பு. இரவில் 'நடமாட்டம்' கேட்டால் முக்கால்வாசி மரநாய்தான்!

இவையெல்லாம் சுவருக்கு. சுந்தரமய்யர் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. அந்த வம்சத்தின் வீடு கைவிட்டுப் போயிற்று, குடும்பம் சிதறிப்போயிற்று. ஆனால் வருகிறவனுக்கு இலை போடுவதை மட்டும் அழகம்மாள் எங்கே போனாலும் உடன் எடுத்துச் சென்றாள். அதனால்தான் அந்த வீட்டைப் பற்றி இன்று எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது.

ஆகவே, சாவி வைத்திருக்கும் பெண்ணே, தம்பி! விளக்கேற்றப் போகிற வெள்ளிக்கிழமை, முடிந்தால் அந்த வீட்டு அடுப்பையும் ஒருமுறை மூட்டுங்கள். ஒரு படி அரிசிப் பாயசம் போதும். திண்ணையில் நிழலுக்கு ஒதுங்கிய கரிமூட்டக்காரருக்கும், தெருக்குழந்தைகளுக்கும் கொடுங்கள். ஊருக்குப் போன பெரியம்மாவுக்கு டெலிபோனில் அதைச் சொல்லுங்கள். ஓடு மாற்றியதைக் காட்டிலும் அது அவளுக்கு நிம்மதியாக இருக்கும்.